கலையும் கணக்கும்: சங்கரன்கோயில் வட்டாரக் கலையாட்சி வரலாறு

முன்னுரை

தென்பாண்டி நாட்டுத் தலங்களுள் சங்கரன்கோயில் தனிச்சிறப்பு உடையது. முன்னாளிற் சங்கரநயினார்கோயில் என வழங்கிய இவ்வூர், நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் பிரித்தமைக்கப்பட்ட தென்காசி மாவட்டத்துள் அடங்கியது. சங்கரலிங்கப் பெருமான், சங்கரநாராயணர், கோமதியம்மை ஆகிய மூவரும் ஒரே மதிலகத்துள் தனித்தனிக் கோயில் கொண்டுள்ளனர். அரியும் அரனும் ஒருவரேயாதலைக் காணும்பொருட்டு அம்மை தவம் இயற்றினாள் என்பது தலவரலாறு. ஆடித் திங்களில் நிகழும் தபசு விழாவின் நிறைவு நாளன்று, மாலையிற் சங்கரநாராயணராகவும் இரவிற் சங்கரலிங்கராகவும் இறைவன் அம்மைக்குக் காட்சி நல்குகின்றான். அக்காட்சியைக் காண ஊரெல்லாம் நிறையும் மக்கள் நாகசுரத்தையும் தவிலையும் திருமுறைப் பண்ணையும் கேட்டு மகிழ்கின்றனர்.

விழாவைக் காண்போர் கலையைக் காண்கின்றனர். ஆயின் அக்கலையின் பின்னே ஓர் ஆட்சி உண்டு என்பதனை எண்ணுவார் சிலரே. இன்ன மேளம் முன்செல்க என விதிப்பவர் யார்? வாசிப்பவருக்குப் பொருள் அளப்பவர் யார்? ஒருவர் மறைந்தால் அவர் இடத்துக்கு இன்னார் வருக எனத் தேர்ந்தெடுப்பவர் யார்? செலவான பொருளுக்குக் கணக்குக் காட்டுபவர் யார்? அக்கணக்கைக் கேட்கும் உரிமை எவர்க்கு உண்டு? இவ்வினாக்கள் கலை வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. புலவரும் பாடகரும் நடிகரும் அவற்றில் இடம்பெறுவர். அவர்களை ஆண்டவர் இடம்பெறுவது அரிது.

இக்குறையைச் சிறிது போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள், தகுதி, வழிமுறை, கணக்கு ஆகிய நான்கினையும் வரையறுக்கும் முறையினையே ஈண்டுக் ‘கலையாட்சி’ எனக் குறிக்கின்றோம். சங்கரன்கோயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் கோயில், சமீன், ஊர்க்கொடை, நாடகக் கம்பெனி, பதிவு பெற்ற சபை எனக் கலையாட்சியின் பல வடிவங்களைக் கண்ட வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஆகலின் இவ்வட்டாரத்தை நடுவாகக் கொண்டு தமிழகம் முழுதும் நோக்குதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

பழைய நெறி

சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்தை விரித்துரைக்கின்றது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அவள் அரங்கேறுகின்றாள். அவளை உருவாக்கியோர் ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர். அரசன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வழங்குகின்றான். பொருள் அரசனிடமிருந்து வருகின்றது. கலையின் தகுதியோ துறைதோறும் வல்ல ஆசிரியரால் உருவாக்கப்படுகின்றது. கொடுப்போனும் கற்பிப்போனும் வேறு வேறாய் நின்று தத்தம் கடமையைச் செய்யும் இவ்வமைப்பு நினைவிற் கொள்ளத்தக்கது.

இலக்கியம் காட்டும் இந்நெறி நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதனைக் கல்வெட்டுக்கள் தெளிவாக உணர்த்துகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்குச் செய்த ஏற்பாடுகளைக் கூறும் கல்வெட்டு அவற்றுள் தலையாயது. பிற கோயில்களினின்று கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கு அம்மன்னன் வீடும் பங்கும் அளித்தான். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் நிலமாகும். நட்டுவர்க்கும் பாடுவோர்க்கும் கொட்டுவோர்க்கும் பங்குகள் வகுக்கப்பட்டன.

கொடையின் பெருமையினும் அக்கல்வெட்டிலுள்ள ஒரு விதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. பங்கு பெற்றவர் இறந்தாலோ நாட்டை விட்டகன்றாலோ, அவருக்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அம்முறையினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணி செய்வித்தல் வேண்டும். அடுத்த முறையினரே இல்லையெனின், அப்பணிக்குரிய ஏனையோர் தம்முட் கூடித் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இவ்விதியிற் பொதிந்துள்ள நுட்பம் மூன்று. பிறப்புரிமை ஏற்கப்படினும் அது தகுதிக்கு உட்பட்டது; இது முதலாவது. பணி ஒருநாளும் தடைப்படலாகாது, இஃது இரண்டாவது. உறவினர் இல்லாத இடத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசனுக்கோ அதிகாரிக்கோ அன்றி, அத்தொழிலைச் செய்யும் கலைஞர்க்கே உரியது, இது மூன்றாவது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கலைஞர் தம் தொழிற்கூட்டத்து உறுப்பினரைத் தாமே தேரும் உரிமை பெற்றிருந்தனர் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எனினும், அவருள் பெண்டிர் கோயிற்குக் கட்டுப்பட்ட வாழ்வினர் என்பதனை நாம் மறத்தலாகாது. உரிமை தொழிலளவில் இருந்தது. வாழ்வளவில் இருந்ததெனக் கூற இயலாது.

தகுதிக்குத் தஞ்சைக் கல்வெட்டைக் காட்டுவோமாயின், கணக்குக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் காட்டலாம். முதற் பராந்தகன் காலத்தில் கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை, ஊர்வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையைக் கூறுகின்றன. பிந்திய கல்வெட்டின்படி அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். அணிமையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதல் கூடாது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலுக்குரியவராகார். நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே அவ்வவையில் இடமிருந்தது என்பது உண்மையே. ஆயினும், பதவிக்குக் காலவரையறை, கணக்கு ஒப்பித்தல், தவறினார்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் தடை என்னும் மூன்று கோட்பாடுகளும் இந்நாட்டில் தோன்றியவை என்பது இவற்றாற் புலனாகும். இன்றைய சங்கங்கள் பலவற்றில், தலைவர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதனையும் கணக்குப் படிக்கப்படாமையையும் காணும்போது, அக்கல்வெட்டுக்களை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம் எனத் தோன்றுகின்றது.

கோயிலாட்சியும் பங்கின் மறைவும்

ஆங்கிலேயர் ஆட்சியிற் கோயிலாட்சி பல மாறுதல்களை எய்தியது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி அறநிலையங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையிற் கொணர்ந்தது. 1863ஆம் ஆண்டின் சட்டம் அரசினரை நேரடி ஆட்சியினின்று விலக்கியது. பின்னர் 1927ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1951, 1959ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் வந்தன. சங்கரன்கோயில் திருக்கோயில் இன்று இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியில் உள்ளது. 1959ஆம் ஆண்டின் சட்டப்படி அமையும் அறங்காவலர் குழுவில் மூவர்க்குக் குறையாமலும் ஐவர்க்கு மிகாமலும் உறுப்பினர் இருப்பர். அவருள் ஒருவர் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினராகவும், மற்றொருவர் பெண்ணாகவும் இருத்தல் வேண்டும் என்பது பிற்காலத்தில் அமைந்த விதி. இது சமுதாய நீதிக்கேற்ற நல்ல மாற்றமாகும். ஆயின் நாகசுரம் வாசிப்பவர்க்கோ ஓதுவார்க்கோ அக்குழுவில் ஓர் இடம் உண்டு என விதிக்கும் பிரிவு எதுவும் இல்லை.

இம்மாறுதல்களின் ஊடே கலைஞரின் நிலையும் மாறிற்று. முன்னாளில் கோயிற்கலைஞர் மானிய நிலத்தை உடையவர்; நிலத்தின் பயனை நுகர்ந்து பணி செய்தவர். 1929இல் இயற்றிய திருத்தச் சட்டம் தேவதாசியரின் மானிய நிலங்களைப் பணிப் பிணைப்பினின்று விடுவித்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றும் ஒழித்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் முன்னின்று நடத்திய இச்சீர்திருத்தம் மனித மாண்பினைக் காத்தது என்பதில் ஐயமில்லை. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் பணிமானிய முறையின் அடிப்படையையே மாற்றியது.

விளைவு யாது? பங்கு போய்ச் சம்பளம் வந்தது. பங்குடையவன் கூட்டாளி, சம்பளம் பெறுபவன் ஊழியன். கூட்டாளிக்கு அடுத்தவரைத் தேரும் உரிமை உண்டு. ஊழியனுக்கு அஃது இல்லை. பழைய முறையின் கொடுமைகளை ஒழித்தபோது, அதனுள் இருந்த ஒரு நல்ல விதியையும் உடன் இழந்துவிட்டோம். தீயதை நீக்கியது தவறன்று. நல்லதனைப் பிரித்தெடுத்துக் காவாமையே குறை.

சமீனின் ஆதரவு

கோயிலுக்கு அடுத்து இவ்வட்டாரத்திற் கலையைப் புரந்தோர் சமீன்தார்கள். சங்கரன்கோயிலை அடுத்த சென்னிகுளத்திற் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன்மேற் பாடிய காவடிச்சிந்தால் அழியாப் புகழ் பெற்றவர். வீரகேரளம்புதூரைத் தலைநகராகக் கொண்ட ஊற்றுமலைச் சமீனின் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கழுகுமலைக்குக் காவடி எடுப்போர் நடைக்கேற்ப அமைந்த அச்சந்தங்கள் தமிழ்நாடெங்கும் பரவின.

சமீன் ஆதரவின் நலம் விரைவு. குழு கூடவேண்டுவதில்லை, தீர்மானம் எழுதவேண்டுவதில்லை. தலைவன் உள்ளம் உவந்தால் கலைஞன் வாழ்வான். அதன் குறையும் அதுவே. தலைவன் மறைந்தாலோ மனம் மாறினாலோ ஆதரவும் மறையும். அவனுக்குப் பின் யார் கொடுப்பர் என்பதற்கு எந்த ஓலையிலும் விதி இல்லை. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சமீன்களை முடிவுக்குக் கொண்டுவந்தபோது, தனி ஒருவர் விருப்பத்தைத் தூணாகக் கொண்ட கலையாதரவும் வேரற்றது. தனிமனிதர் கொடை கலையைத் தோற்றுவிக்கும். அதனை நெடுங்காலம் நிலைபெறச் செய்வது முறையான அமைப்பே.

ஊர்க்கொடை

பெருங்கோயிலையும் சமீனையும் சாராது, ஊர்மக்களே தம்முட் கூடி நடத்தும் கலையாட்சி ஒன்று இவ்வட்டாரத்தில் இன்றும் உயிருடன் உள்ளது. அதுவே அம்மன், சாத்தா, சுடலைமாடன் முதலிய தெய்வங்கட்கு எடுக்கும் கொடை விழா. தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என வரி வகுக்கப்படும். வரி செலுத்துவோர் வரிதாரர் எனப்படுவர். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டம் எனக் கலைகள் முடிவு செய்யப்பட்டு, வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுக்கப்படும். விழா முடிந்தபின் வரவும் செலவும் வரிதாரர் முன்னிலையிற் படிக்கப்படுதல் பொது வழக்கு. படித்தறியாத முதியவரும் செலவினத்தைக் கேட்டு வினவுவர். உத்தரமேரூர்க் கல்லிற் பொறித்த கணக்குநெறி, எழுதா வழக்காகத் தென்பாண்டிச் சிற்றூர்களில் வாழ்கின்றது எனக் கூறுதல் மிகையாகாது.

இவ்வமைப்பில் மற்றொரு சிறப்பும் உண்டு. வில்லுப்பாட்டுக் குழுவில் வில்லின்முன் அமர்ந்து வீசுகோலால் நாணை அடித்துப் பாடுபவர் புலவர் எனப்படுவர். குடமும் உடுக்கையும் தாளமும் துணை செய்ய, வலம்பாடுவோரும் இடம்பாடுவோரும் உடன்பாடுவர். எக்கதையை எந்த யாமத்திற் பாடுவது, தெய்வம் ஏறும் தருணத்திற்கு ஏற்ப எவ்விடத்தில் வேகம் கூட்டுவது என்பன எல்லாம் புலவர்க்கும் கோமரத்தாடிக்கும் இடையே அமைவன. கணியான் கூத்தில் அப்பொறுப்பு மகுட இசைக்கேற்பப் பாடும் அண்ணாவியிடம் உள்ளது. வரி கொடுப்போர் பொருளை ஆள்வர்; பாடுவோர் பாட்டை ஆள்வர். வரிதாரர் அப்பாட்டில் தலையிடுவது அரிது; பாட்டு தவறினாலோ மறு ஆண்டு அச்சாரம் வாராது. இஃது எளிய ஏற்பாடு, எனினும் நுண்ணியது.

குறையும் உண்டு. வரிதாரர் கூட்டம் பெரும்பாலும் ஒரு குடியினர்க்கும் ஆடவர்க்கும் உரியதாகவே இருந்து வந்துள்ளது. இரவெல்லாம் ஆடும் கரகாட்டப் பெண்ணுக்கு ஊதியத்திலோ பாதுகாப்பிலோ குறை நேர்ந்தால், அதனைச் சொல்ல அக்கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை கொடுப்பவனுக்கு இருப்பது போல, உழைப்பவளுக்கும் இருத்தல் வேண்டாவா?

நாடகக் கம்பெனி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொட்டகை நாடகம் பெருகியபோது, கலையாட்சி முதலாளியின் கைக்கு வந்தது. தூத்துக்குடிப் பகுதியில் 1867இல் தோன்றி 1922இல் மறைந்த சங்கரதாசு சுவாமிகள் தமிழ் நாடகத்திற்கு ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவர் ஆசிரியராக விளங்கினார். சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்ற குழு அது. பொருளிட்டு நடத்தியவர் முதலாளிகள். பாடம் கற்பித்தவர் சுவாமிகள். ஆசிரியருக்கு நாடகத்தில் முழு உரிமை இருந்தது. சிறுவர்கள் உணவும் உறைவிடமும் சிறு ஊதியமும் பெற்று, ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராகச் சென்றனர். செங்கோட்டையில் 1906இற் பிறந்த கிட்டப்பாவும் சிறுவயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்து, பாட்டால் உலகை மயக்கி, 1933இல் இளமையிலேயே மறைந்தார். பல்லாயிரவர் கொட்டகையில் நிறைந்ததற்குக் காரணமான குரல் நடிகருடையது. கொட்டகையின் பெட்டியோ பிறருடையது.

இந்நிலையை மாற்ற முயன்றோர் டி. கே. எசு. சகோதரர்கள். சுவாமிகளின் மாணவராய் அச்சபையிற் பயின்ற அவர்கள், 1925இல் தமக்கெனத் தனியே மதுரை சிறீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். நடிகரே ஆட்சியாளராயினர். தாமே நடித்துத் தாமே நடத்திய அக்குழு, நாட்டு விடுதலை உணர்வையும் சீர்திருத்தக் கருத்தையும் மேடையேற்றத் துணிந்தது. 1944இல் ஈரோட்டில் நடைபெற்ற தமிழ் நாடக மாநாட்டிற்கு அவர்களே முன்னின்றனர். மேடையை அறிந்தவர் பொருளையும் ஆளத் தலைப்பட்டால் புதுமைக்கு வழி திறக்கும் என்பதற்கு இது சான்று.

கம்பெனிகள் தளர்ந்தபின் எழுந்த ‘ஸ்பெஷல் நாடகம்’ வேறொரு முறையைக் காட்டுகின்றது. இதிற் கம்பெனியே இல்லை. இராசபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஓர் இரவுக்கு ஒப்பந்தம் செய்யப்படுவர். சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லார்க்கும் மனப்பாடம். ஆதலின் ஒத்திகையின்றியே மேடையிற் கூடுவர். மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களிலுள்ள நடிகர் சங்கங்கள் இவர்களை ஒன்றுசேர்ப்பன. முதலாளி இல்லாத இடத்தில் சங்கம் முறை செய்கின்றது. சங்கத்தில் அமர்பவரும் நடிகரே.

சபைகளின் தோற்றம்

நகரங்களிற் கற்றோர் கூடி அமைத்த சபை பிறிதொரு வடிவம். பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த நாடகக் குழுவினரின் நடிப்பைக் கண்டு ஊக்கமுற்ற பம்மல் சம்பந்த முதலியார், 1891ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞரும் அலுவலரும் வருவாய் நோக்காது நடித்தனர். சத்தியமூர்த்தி போன்றோரும் அதன் மேடையில் ஏறினர். உறுப்பினர் கட்டணம், நிருவாகக் குழு, ஆண்டுப் பொதுக்கூட்டம், அச்சிட்ட விதிகள் என்னும் அமைப்பு முறைகள் நாடகத் துறையில் வேரூன்ற இச்சபை பெரிதும் துணை செய்தது. நாடகக்காரரை இழிவாக நோக்கிய காலத்தில் அத்தொழிலுக்கு மதிப்புத் தேடித் தந்ததும் இதுவே. ஆயின் காலப்போக்கில் அது நாடகத்தினும் பொழுதுபோக்கு மன்றமாகவே நிலைபெற்றது. கட்டடமும் உறுப்பினரும் பெருகினர்; நோக்கம் மெலிந்தது. விதிகள் அனைத்தும் செம்மையாக இருந்தும், கலையை நடுவிற் காக்கும் விதி ஒன்று இல்லையெனின் அமைப்பு தன் பெயரை மட்டுமே தாங்கி நிற்கும் என்பது இதனால் அறியப்படும்.

1927ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் சென்னை இசை அகாதமி தோன்றியது. அறிஞரும் வித்துவான்களும் கூடி இராக இலக்கணங்களை ஆராயும் வல்லுநர் குழுவை அது அமைத்தது சிறப்பு. இ. கிருட்டிண ஐயர் முயற்சியால் 1931இல் அதன் மேடையிற் சதிராட்டம் இடம்பெற்றது. எனினும் சங்கீத கலாநிதிப் பட்டம் ஓர் இசையரசிக்கு முதன்முதற் கிடைத்தது 1968இல் தான்; அவர் எம். எசு. சுப்புலட்சுமி. அகாதமி தோன்றி நாற்பதாண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தது இது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரைக் கல்லில் வெட்டிய நாட்டில் இத்துணைக் காலந்தாழ்த்தது எண்ணத்தக்கது.

எப்பாடல் மேடையேற வேண்டும் என்பதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினா 1941இல் வெளிப்பட எழுந்தது. அவ்வாண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாடு, தமிழ் நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என வற்புறுத்தியது. அதனை இசையுலகில் ஒரு சாரார் ஏற்றிலர். 1943இல் அரசர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். இப்பூசலை மொழிப்பூசல் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சபையின் குழுவில் அமர்ந்தோர் கேட்போரின் விருப்பத்தை அறிய ஒரு வழியும் இல்லாதிருந்தமையே அதன் அடிப்படை. உள்ளே இடங்கிடையாத குரல், வெளியே புதிய சங்கமாயிற்று.

அயல்நாட்டு ஒப்புமை

இவ்வினா நமக்கே உரியதன்று. பாரிசு நகரில் 1680இல் தோன்றிய பிரெஞ்சு நாடக மன்றத்தில் நடிகரே பங்காளராயினர். நெப்போலியன் 1812இல் மாசுகோவிலிருந்து பிறப்பித்த ஆணை அவர்தம் உரிமைகளை வரையறுத்தது. சேக்சுபியர் தம் குழுவிலும் 1599இல் எழுந்த குளோபு அரங்கிலும் பங்குடையவர். எழுதியவரும் நடித்தவரும் வருவாயிற் பங்கு பெற்றவரும் அவரே. இலண்டன் சிம்பொனி இசைக்குழு 1904இல் தோன்றிய நாள்முதல் இசைஞராலேயே ஆளப்படுகின்றது.

நியூயார்க்கு பில்ஆர்மானிக்கு இசைக்குழுவின் வரலாறு மறுதலையானது. 1842இல் இசைஞரின் கூட்டுறவாகத் தோன்றிய அது, பொருள்முடை நேரவே 1909இல் செல்வர் குழுவொன்றின் பொறுப்பில் வந்தது. அதனால் இசைஞர் நிலையான ஊதியம் பெற்றனர், ஆட்சியுரிமையை இழந்தனர். பொருளைக் கொடுத்து உரிமையைக் கொள்வது எங்கும் நிகழும் வாணிகம் போலும். தஞ்சைக் கல்வெட்டு மட்டுமே பொருளையும் கொடுத்துத் தேரும் உரிமையையும் ஓரளவு விட்டுவைத்தது என்பது ஈண்டு ஒப்பிட்டு மகிழத்தக்கது.

இக்காலச் சட்டங்கள்

தமிழ்நாட்டில் இன்று ஒரு கலைக்குழு தன்னைப் பதிவு செய்துகொள்ள விரும்பின், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் துணை செய்கின்றது. எழுவர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். குழுவில் மூவர்க்குக் குறையாத உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவர் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடவும் கணக்குத் தணிக்கை செய்யப்படவும் வேண்டும். சட்டத்தின் அளவில் உத்தரமேரூர் நெறி மீண்டும் வந்துவிட்டது எனலாம். ஆயின் சிற்றூர்க் கலைஞர்க்குப் பதிவாளர் அலுவலகத்துப் படிவங்களை நிரப்புதல் பெருந்தொல்லை. பதிவு இல்லையேல் அரசின் உதவி பெறுதல் அரிது. பதிவு செய்தாலோ கணக்கெழுதத் தெரிந்த ஒருவர் கையில் குழு அகப்பட்டுக்கொள்ளுதல் உண்டு. அவர் கலைஞராக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

உருக்குமணி தேவியார் 1936இல் நிறுவிய கலாட்சேத்திரத்திற்கு நாடாளுமன்றம் 1993இல் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு என மூன்று அமைக்கப்பட்டன. கலைக்கல்வியையும் நிதியையும் வேறு வேறு குழுக்களிடம் ஒப்படைத்தது நல்ல கோட்பாடாகும். அரங்கேற்று காதையின் அறுவர் ஆசிரியர்க்கும் பொன் கொடுத்த வேந்தனுக்கும் இடையே நாம் கண்ட பிரிவு இங்கே சட்ட வடிவில் அமைந்துள்ளது. எனினும் எக்குழுவாயினும் அதனை நன்னெறியில் நிறுத்துவது, அதன் செயலை வினவும் உரிமை மாணவர்க்கும் கலைஞர்க்கும் உண்டா என்பதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொடுப்போன் பொருளுக்கும் கலைஞன் கலைக்கும் பொறுப்பேற்கும் பிரிவு தமிழ்நாட்டுப் பழைய நெறியாகும். கொடை விழாவில் அஃது இன்றும் காணப்படுகின்றது. இரண்டாவது, காலவரையறையும் வெளிப்படையான கணக்கும் இல்லாத ஆட்சி, அது கோயிலாயினும் சமீனாயினும் சபையாயினும், தனி ஒருவர் உடைமையாக முடியும். மூன்றாவது, கலைஞர் தம் கூட்டத்தாரைத் தாமே தேர்ந்தெடுத்த உரிமை ஒருகாலத்திற் கல்லில் எழுதப்பட்டிருந்தது. பங்கு சம்பளமாக மாறியபோது அவ்வுரிமை மறைந்தது. அதனை மீட்டல் கடினமன்று. அறங்காவலர் குழுவிலும் கொடைக் கூட்டத்திலும் சபையின் நிருவாகத்திலும் கலைஞர்க்கென ஓரிடம் ஒதுக்குவதே போதும். அவ்விடத்தில் அமர்பவரைக் கலைஞரே தேர்தல் வேண்டும்.

இவ்வாய்வை மேலும் விரித்தற்கு வேண்டிய சான்றுகள் நூலகங்களினும் வீடுகளிலேயே மிகுதியாக இருத்தல் கூடும். சங்கரன்கோயிலைச் சூழ்ந்த சிற்றூர்களிற் கொடை விழாக் கணக்கேடுகள், வரிதாரர் பட்டியல்கள், நாடக அறிவிப்புத் தாள்கள், வில்லுப்பாட்டுக் குழுவினரின் அச்சாரக் குறிப்புகள் ஆகியன பரண்களிலும் பெட்டிகளிலும் கிடப்பதைக் காணலாம். செல்லரித்து அவை அழியுமுன் திரட்டுதல் தமிழாய்வு மாணவர் கடமையாகும். இன்ன ஆண்டில் இன்ன புலவர்க்கு இவ்வளவு கொடுத்தோம் என எழுதிய ஒரு வரி, அப்புலவரின் பெயர் வேறெங்கும் எழுதப்படாத நிலையில், அவர் வாழ்ந்தார் என்பதற்கு ஒரே சான்றாக அமையலாம். கணக்கேடும் இலக்கிய வரலாற்று மூலமே. அதனை அவ்வாறு மதித்துப் போற்றுவோமாயின், கலையை ஆண்டவர் யார் என்னும் வினாவுக்கு மட்டுமன்றி, அக்கலையால் வாழ்ந்தவர் யார் என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கும்.